பால் கசியும் கள்ளியைக் கொழும்பு வீட்டில் வளர்ப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள நாற்றுமேடைகளில் ‘ஆப்பிரிக்கன் மில்க் ட்ரீ’ என்ற பெயரில் விற்கப்படும் அழகுச்செடியின் தாவரவியற் பெயர் யூபோர்பியா ட்ரைகோனா. மூன்று பட்டைகளுடன் நேராக எழும் தண்டும், பட்டையின் ஓரத்தில் இரண்டிரண்டாக அமைந்த குறுமுட்களும், முட்களுக்கு இடையே துளிர்க்கும் சிறிய இலைகளும் சேர்ந்து தொடர்மாடியின் ஒடுங்கிய பல்கனிக்கு மிகவும் பொருத்தமான செடியாக இதை ஆக்கியிருக்கின்றன. ஆனால் எங்கே கீறினாலும் உடனே வெள்ளைப்பால் பீறிடும். அந்தப் பால் தோலை எரிக்கும், வாயிலும் தொண்டையிலும் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் கருவிழியையே காயப்படுத்தும்.

செடியை வாங்கிய காலத்தில் இதைப் பற்றித் தேடி அலைந்து நான் கண்டது, குளிர்நாட்டு வீடுகளுக்கென எழுதப்பட்ட நீர் அட்டவணைகளையும் பாலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத விற்பனையாளர்களையும்தான். கொழும்பின் மழையிலும் புழுக்கத்திலும் அந்த அட்டவணைகள் செடியை அழுகவைக்கும். அழுகிய செடியைக் காப்பாற்ற ஒரே வழி வெட்டுவது. வெட்டினால் பால். ஆகவே வளர்ப்பும் பாதுகாப்பும் இங்கே வேறுவேறு விடயங்களாக இல்லை. எதிர்பாராத நேரத்தில் வெட்டவோ உடைந்த கிளையை அள்ளவோ நேராதபடி வளர்ப்பதே பாதுகாப்பின் பெரும்பகுதி என்பதை மனத்தில் வைத்துக் கீழ்க்காணும் படிகளைப் படியுங்கள்.

1. வாங்கும்போது அடையாளம் காணுங்கள்

பத்தரமுல்லையில் தியத்த உயனவிலும் அதற்கு அப்பால் பெலவத்தைப் பக்கத்திலும் உள்ள செடிக்கடைகளில் இது எளிதாகக் கிடைக்கிறது. விலையைத் தீர்மானிப்பது உயரமும் கிளைகளின் எண்ணிக்கையும்தான். கைமுழ உயரத்துக்கும் குறைந்த கன்றைச் சில நூறு ரூபாவுக்கு வாங்கலாம். இடுப்பளவு வளர்ந்து பல கிளை விட்ட செடிக்குப் பல ஆயிரம் கேட்பார்கள். புதியவர்கள் சிறிய கன்றையே வாங்குமாறு பரிந்துரைக்கிறேன். உயரமான செடி வீடு வந்து சேர்வதற்குள், முச்சக்கரவண்டியின் குலுக்கலிலேயே ஒரு கிளையாவது முறியும். முறிந்த இடத்திலிருந்து வடியும் பால் உங்கள் மடியில்தான் விழும்.

கடைகளில் இதைக் ‘கக்டஸ்’ என்றும், சில இடங்களில் ‘கற்றாழை வகை’ என்றும் சொல்லி விற்கிறார்கள். இரண்டாவது பெயர் மிகவும் ஆபத்தானது. கற்றாழையின் சோற்றை முகத்தில் பூசுவதும் தலையில் தேய்ப்பதும் நம் வீடுகளில் வழக்கம் என்பதால், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் இந்தச் செடியையும் அந்த நம்பிக்கையில் ஒடித்துவிடக்கூடும். வேறுபாட்டை அறிய எளிய வழி உண்டு. கக்டஸில் முட்கள் ஒவ்வொரு தொகுதியும் ஒரு சிறிய பஞ்சுத் திண்டிலிருந்து கிளம்பும். இக்கள்ளியில் அப்படியான திண்டு இல்லை, முட்கள் பட்டையின் விளிம்பிலேயே சோடியாக இருக்கும். பாலைப் பார்த்து உறுதிப்படுத்துவதற்காகக் கடையிலேயே நகத்தால் கீறிப்பார்க்க வேண்டாம்.

கடையை விட்டு வெளியேறுமுன் தண்டின் அடியை, மண்ணை ஒட்டிய இடத்தில், கையுறை அணிந்த விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கடினமாக இருக்க வேண்டும். பழைய செடிகளில் அடித்தண்டு மண்ணிறமாகி மரப்பட்டைபோல் தடித்திருப்பது இயல்பு. அது மென்மையாக அமுங்கினால் அழுகல், வாங்காதீர்கள். செடியின் பெயர் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றையும் கேட்டுப் பெறுங்கள். பின்னர் வைத்தியரிடம் காட்ட நேர்ந்தால், ‘ஏதோ ஒரு கள்ளி’ என்று சொல்வதைவிட அந்தத் துண்டு பயன்படும்.

இதே குடும்பத்தில் குச்சிகுச்சியாக வளரும் திருகுகள்ளியும், சிவந்த பூக்கள் பூக்கும் முட்கிரீடச் செடியும் அதே கடைகளில் இருக்கும். அவற்றுக்கும் இங்கே சொல்வன பொருந்தும். திருகுகள்ளியின் பால் குறிப்பாகக் கடுமையானது, அதன் மெல்லிய கிளைகள் உரசினாலே முறிபவை. முதற்செடியாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

2. வீட்டையும் அனுமதியையும் பாருங்கள்

தவழும் குழந்தையோ, எதையும் கடிக்கும் பருவத்து நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் இரண்டொரு வருடம் பொறுங்கள். அதுவரை ஹவோர்த்தியா போன்ற நஞ்சற்ற சதைப்பற்றுச் செடியை வளர்க்கலாம். இதைச் சொல்வது சிலருக்கு ஏமாற்றம் தரும், ஆனால் உயரத்தில் வைத்தால் போதும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. உயரத்தில் வைத்த சட்டிதான் விழுகிறது.

தொடர்மாடியில் வசிப்பவர்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் வீட்டு விதிகளை வாசித்துவிட்டே சட்டி வாங்க வேண்டும். நடைபாதை, படிக்கட்டுத் தளம், மொட்டைமாடி ஆகியன பொதுப்பகுதிகள். அங்கே முட்செடி வைப்பதற்குப் பல இடங்களில் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் வைக்காதீர்கள், அந்த வழியாக அயல்வீட்டுப் பிள்ளைகள் ஓடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பல்கனிச் சுவரில் தாங்கி பொருத்துவதாக இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது நல்லது.

3. வெயிலும் காற்றும் அறிந்து இடம் தேருங்கள்

இக்கள்ளிக்கு நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர வெயில் போதும். கொழும்பில் பல்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதோடு மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் நமக்கு நேர்மேலே வரும் சூரியன் செப்டெம்பர்த் தொடக்கம் வரை வடபுறமாகவே செல்கிறது. எனவே வடக்குப் பார்த்த பல்கனிக்கு அந்த மாதங்களில் வெயில் கிடைக்கும், தெற்குப் பார்த்த பல்கனிக்கு ஒக்டோபருக்குப் பிறகுதான் கிடைக்கும். நிழலில் நின்ற செடியை ஒரே நாளில் முழு வெயிலுக்கு மாற்றினால் பட்டைகளில் வெளிறிய தழும்பு விழும், அது பிறகு மறையாது. இரண்டு வாரங்களில் படிப்படியாக நகர்த்துங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்க வீடுகளில் மேற்குப் பல்கனியில் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் முதல் நேரடியாக அடிக்கும். மேற்பாரம் கூடிய இச்செடி அந்தக் காற்றில் சரிந்தால் தண்டு முறியும். அந்தப் பருவத்தில் சட்டியைச் சுவரோரம் தள்ளி, மண்ணின் மேற்பரப்பில் கனமான கூழாங்கற்களை அடுக்கி, உயரமான செடியைப் பழைய துணிநாடாவால் கம்பியோடு தளர்வாகக் கட்டிவையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். கீழே நடப்பவருக்கு விழுவது சட்டி மட்டுமாக இராது.

4. சட்டியும் மண்ணும்

நாற்றுமேடைகள் பெரும்பாலான செடிகளைத் தும்புத்தூளில் வைத்தே விற்கின்றன. தும்புத்தூள் நீரைப் பிடித்துவைத்திருக்கும். இந்தக் கள்ளிக்கு அதுவே நஞ்சு. வாங்கி இரண்டு வாரம் கழித்து, வேர்கள் உலர்ந்திருக்கும் நாளில், சட்டி மாற்றுங்கள். பெருமணலான ஆற்றுமணல் இரண்டு பங்கு, மொச்சைக் கொட்டை அளவில் உடைத்த செங்கல் அல்லது கரித்துண்டு ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு என்ற கலவை கொழும்பின் ஈரப்பதனுக்குப் பொருந்துகிறது. கடல்மணல் வேண்டாம், அதன் உப்பு வேரைக் கெடுக்கும்.

அடியில் பெரிய துளையுள்ள களிமண் சட்டியே சிறந்தது. அது மூச்சுவிடும், கனமாகவும் இருக்கும். பழைய சட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும். செடியைத் தூக்கும்போது செய்தித்தாளைப் பலமடிப்பாகச் சுருட்டித் தண்டைச் சுற்றிப் பிடியுங்கள். வேர் அறுந்தாலும் பால் வரும் என்பதைப் பலர் அறிவதில்லை, ஆகவே சட்டி மாற்றும் நாளிலும் 7ஆம் படியில் சொல்லும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு டெங்கு நுளம்புக்கும் இடம் கொடுக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது வழக்குக்குரிய குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முதலில் பார்ப்பதும் பூச்சட்டித் தட்டுகளைத்தான். தரை நனையும் என்றால் இரண்டு செங்கற்களின் மேல் சட்டியை உயர்த்தி வையுங்கள்.

5. நீர்

நாள்காட்டியை நம்பி ஊற்றாதீர்கள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை எடுத்து மண்ணில் மூன்று அங்குலம் செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தால் காத்திருங்கள், உலர்ந்து வந்தால் துளைவழி வழியும்வரை ஊற்றுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட வாரங்களில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். மே, ஜூன் மாதங்களிலும், இடியோடு மழை கொட்டும் ஒக்டோபர், நவம்பரிலும் மழைபடும் இடத்தில் நிற்கும் செடிக்கு ஒரு துளியும் தேவையில்லை. இயன்றால் கூரையின் கீழ் இழுத்துவிடுங்கள். இலை உதிர்வதைக் கண்டு தாகம் என்று எண்ணி ஊற்றுவது வழக்கமான பொறி. இடம் மாறினாலும் இலை உதிரும், அதிக நீராலும் உதிரும்.

6. வெட்டுவதற்கு முன்னரே முதலுதவியைப் படியுங்கள்

இந்தப் பகுதியை அச்சிட்டுக் குளிரூட்டிப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தால் எனக்கு மகிழ்ச்சி.

கண்ணில் பால் பட்டால்: தேய்க்காதீர்கள். உடனே குழாயடிக்குப் போய், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடங்கள் தொடர்ந்து கழுவுங்கள். விரலில் பால் இருந்தால் முதலில் சவர்க்காரமிட்டு அதைக் கழுவ வேண்டும், அல்லது வேறொருவர் இமையைப் பிடிக்க வேண்டும். கண்ணில் வில்லை அணிந்திருந்தால் கழுவும்போதே கழற்றிவிடுங்கள். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஏனெனில் இந்தப் பாலின் தாக்கம் சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். இரவில் வெளிச்சம் பார்க்க முடியாத வலியும் பார்வை மங்கலும் தோன்றலாம். அன்றைய தினமே கொழும்பில் உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள கண் வைத்தியரிடமோ போங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை, நீங்கள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், செடியின் படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அங்கே ஒளிரும் சாயத்துளி இட்டு நீலவொளியில் கருவிழியின் மேற்பரப்பு காயப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான காயங்கள் ஒன்றிரண்டு வாரங்களில் ஆறிவிடுகின்றன. தாமதித்தவர்களில் பார்வை நிலையாகக் குறைந்தவர்களும் உண்டு.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், முன்னொருமுறை வேறு நோய்க்குத் தந்த கண்துளி, எதையும் இடாதீர்கள். பழைய துளிமருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால், அதை வைத்தியர் பாராமல் இடுவது புண்ணை மோசமாக்கும்.

தோலில் பட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு உடனே கழுவுங்கள். பால் பிசின்போல் உலர்ந்து ஒட்டுவதால் வெறும் நீர் போதாது. கொப்புளம் கிளம்பினால் உடைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மருவுக்குக் கள்ளிப்பால் பூசும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. பக்கத்துத் தோலும் சேர்ந்து வேகும் என்பதால் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை கடித்துவிட்டால் வாயை நீரால் துடைத்துக் கழுவுங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மூச்சுத்திணறலோ தொடர் வாந்தியோ, வாயும் உதடும் வீங்குவதோ இருந்தால் 1990 இலக்கத்தில் சுவசெரிய நோயாளர் காவுவண்டியை அழையுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது; அதன் தொலைபேசி இலக்கத்தைச் செடி வாங்கும் வாரத்திலேயே கேட்டு எழுதிவையுங்கள்.

7. கிளை வெட்டிப் புதுச்செடி எடுத்தல்

இக்கள்ளி நம் வீடுகளில் பூப்பது மிக அரிது, வெட்டுத்துண்டுகளால்தான் பெருகுகிறது. காலம்: ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை. ஈரக்காற்றில் வெட்டுவாய் உலராது, பூஞ்சணம் பிடிக்கும், பிறகு மீண்டும் வெட்ட வேண்டிவரும்.

தேவையானவை: பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, அதன் மேல் தடித்த தோட்டக் கையுறை, நீண்ட கைச்சட்டை, கூரிய கத்தி, மதுசாரம், பழைய செய்தித்தாள், நீர் தெளிக்கும் போத்தல். மருந்தகத்திலும் இரும்புச் சாமான் கடையிலும் இவை எல்லாம் கிடைக்கும், மொத்தச் செலவு ஒரு நடுத்தரச் செடியின் விலையைத் தாண்டாது. சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. தண்டுக்குள் அழுத்தத்தில் இருக்கும் பால் கத்தி பட்டவுடன் தெறிக்கும், பக்கவாட்டிலிருந்தும் வரும். மெல்லிய கையுறை மட்டும் அணிந்தால் முள் துளைத்துவிடும்.

கொழும்பில் பெரும்பாலான கண்விபத்துக்குக் காரணமாகக்கூடியது தெறிப்பைவிட வியர்வைதான் என்று கருதுகிறேன். புழுக்கத்தில் நெற்றியில் வியர்வை வழிந்தவுடன் கை தானாகவே முகத்துக்குப் போகும். ஆகவே காலை எட்டு மணிக்கு முன் வேலையைத் தொடங்குங்கள், நெற்றியில் ஒரு துணிப்பட்டியை இறுக்கிக் கட்டுங்கள், கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். கையுறையோடு தொலைபேசியைத் தொட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிய பின் அதே தொலைபேசியைக் கன்னத்தில் வைப்பவர்கள் பலர். காலையில் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பிற்பகலில் கடற்காற்று பல்கனிக்குள் வீசும், துளிகள் உங்கள் பக்கம் வரும்.

தரையில் செய்தித்தாளை விரியுங்கள். மதுசாரத்தால் துடைத்த கத்தியால், கிளை தாய்த்தண்டோடு சேரும் ஒடுங்கிய கணுவில், ஒரே வெட்டாக வெட்டுங்கள். முகம் வெட்டுவாயின் நேர்எதிரே இருக்கக்கூடாது. ஒரு சாண் நீளத் துண்டு போதும். உடனே இரண்டு வெட்டுவாய்களிலும் நீரைத் தெளித்தால் பால் உறைந்து நிற்கும். வடிந்த பாலைச் செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள், சமையலறைத் துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் வரிசை முக்கியம். முதலில் கத்தியைச் சவர்க்காரத்தாலும் மதுசாரத்தாலும் துடைத்து வையுங்கள். அடுத்து தடித்த கையுறை, பின்னர் உள்கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றுங்கள். கையை முழங்கை வரை சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அதன் பிறகுதான் கண்ணாடியையும் நெற்றிப்பட்டியையும் தொட வேண்டும். அன்று அணிந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

துண்டை நிழலில், காற்றோட்டமான இடத்தில், யாரும் எட்டாத உயரத்தில் கிடத்துங்கள். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்ட ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பிறகு உலர்ந்த மணற்கலவையில் இரண்டு விரல் ஆழம் நட்டு, குச்சியால் முட்டுக்கொடுத்து, ஒரு வாரம் கழித்து இலேசாக நீர் தெளியுங்கள். வேர் பிடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம் வரை செல்லும். மெதுவாக அசைத்துப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். புதிய வேர்கள் அதில்தான் அறுகின்றன.

அடித்தண்டு அழுகிவிட்டால் மட்டும் பருவம் பார்க்காதீர்கள். அழுகலுக்கு மேலே, உள்ளே மண்ணிறப் புள்ளி எதுவும் தெரியாத வெண்பச்சைத் தசை வரும்வரை வெட்டிச்சென்று, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, மேல்துண்டை மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள்.

8. கழிவை அகற்றுதல்

வெட்டிய துண்டுகள் பல நாட்கள் பாலோடு இருக்கும். குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களில் பலர் வெறுங்கையால் பைகளைப் பிரிப்பதால், நம் பல்கனியில் நாம் எடுத்த கவனம் அவர்களையும் சென்றடைய வேண்டும். துண்டுகளையும் பால்பட்ட தாள்களையும் செய்தித்தாளில் சுற்றி, தடித்த பையில் இட்டு, வாயை ஒட்டி, நச்சுச்செடி என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். சமையலறைக் கழிவோடு கலக்காதீர்கள். எரிக்கவும் கூடாது, அதன் புகை கண்ணையும் தொண்டையையும் தாக்கும். மீன்தொட்டிக்கோ குளத்துக்கோ அருகில் கழுவாதீர்கள். கள்ளிப்பால் மீன்களைக் கொல்லும்.

வீட்டில் வேலைக்கு உதவ வருபவரிடமும், செடிக்கு நீரூற்றும் உறவினரிடமும் இதைச் சொல்லிவைப்பது உங்கள் கடமை. பாலைக் கையால் தொட வேண்டாம், கிளை முறிந்தால் அப்படியே விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்ற இரண்டு வாக்கியங்கள் போதும்.

9. சென்னையிலிருந்து கொண்டுவருவதும் வெளிநாட்டு உறவினருக்குக் கொடுப்பதும்

சென்னைக்குப் போய்வரும்போது பயணப்பையில் நாலு துண்டைச் சுற்றிக் கொண்டுவருவது சாதாரணமாகப் பேசப்படுகிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உயிருள்ள தாவரங்களை இறக்குமதி செய்ய முன்அனுமதிப்பத்திரமும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவையே இதற்குரிய இடம். மண் ஒட்டிய வேரோடு கொண்டுவரவே முடியாது. இவை இல்லாத செடி விமானநிலையத்தில் பறிமுதலாகும்.

இதோடு இன்னொரு படியும் உண்டு. இக்கள்ளி உட்பட சதைப்பற்றுள்ள யூபோர்பியாக்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றிருப்பதால், நாட்டு எல்லையைக் கடக்க ஏற்றுமதி அனுமதியும் தேவை. இலங்கையில் அதற்குப் பொறுப்பானது பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். செயற்கையாக வளர்க்கப்பட்ட ட்ரைகோனா வளர்ப்பினங்களுக்கு அந்த உடன்படிக்கையில் விலக்கு இருக்கிறது; திருகுகள்ளிக்கு அப்படியான விலக்கு இல்லை. சைட்டிஸ் விலக்கு தாவரச் சுகாதாரச் சான்றிதழிலிருந்து விலக்கு ஆகாது என்பதையும் கவனியுங்கள், இரண்டும் வேறுவேறு சட்டங்கள்.

இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் உறவினர் ஒரு கிளை கேட்டால், அவர் தன் நாட்டுத் தாவரச் சுகாதார அலுவலகத்தின் நிபந்தனைகளை முதலில் எழுத்தில் பெறட்டும். அந்தத் தாளையும் நாற்றுமேடைப் பற்றுச்சீட்டையும் கொண்டு கட்டுநாயக்காவில் விண்ணப்பியுங்கள். துண்டின் வெட்டுவாய் உலர இரண்டு வாரம் வேண்டும், பரிசோதனைக்கும் நாள் பிடிக்கும். ஆகவே பயணத் திகதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னராவது தொடங்காவிட்டால், கிளையை வெட்டாமல் தாய்ச்செடியிலேயே விட்டுவிடுங்கள்.